பாதரசமும் மினமாத்தாக் குடாவும்

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி கைதவறி விழுந்து உடைந்த வீட்டிலே, நிலத்தில் உருண்டோடும் வெள்ளி மணிகளைப் பிடிக்கச் சிறுவர் ஓடித் திரிவதைக் கண்ட நேயர்கள் பலர் இருத்தல் கூடும். தொட்டால் அம்மணி விரலில் ஒட்டாது. அழுத்தினால் பத்தாகப் பிரியும். கூட்டினால் மீண்டும் ஒன்றாகிவிடும். நீர் உறைந்து பனிக்கட்டியாகும் குளிரிலும் உறையாது திரவமாகவே நிற்கும் உலோகம் பாதரசம் ஒன்றே. நீரினும் பதின்மூன்றரை மடங்கு பாரம் உடையது அது. இரசம் என்றும் சூதம் என்றும் தமிழ் மருத்துவ நூல்கள் அதனை அழைக்கும். செம்பைப் பொன்னாக்க முயன்ற இரசவாதிகள் தம் வாழ்நாளையே அதன் பின்னால் தொலைத்தனர்.

இத்துணை அழகிய பொருள் நஞ்சாவது எங்ஙனம்? பாதரசம் எல்லாம் ஒரு தன்மையுடையதன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். உருண்டோடும் மணியைக் குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்டால் தாய் பதறுவாள். ஆனால், அதில் மிகப் பெரும்பகுதி உடலிற் சேராது வெளியேறிவிடும். அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியும் மணியையன்று, அதிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத ஆவியையே. மூச்சோடு உட்செல்லும் பாதரச ஆவியில் நூற்றுக்கு எண்பது பங்கு நுரையீரல் வழியே குருதியிற் கலந்துவிடும். ஆதலின் வெப்பமானி உடைந்தால் சாளரங்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை அப்புறப்படுத்துவதே முதற் காரியம். துடைப்பத்தாற் பெருக்கினால் மணிகள் மேலும் சிதறி ஆவி பெருகும். வெறுங்கையால் தொடாது, தடித்த கடதாசித் துண்டினால் மெல்ல ஒதுக்கியெடுத்து மூடியுள்ள போத்தலில் இடுதல் நன்று.

மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டு. பாதரசம் காபனோடு இணைந்து மெதைல் பாதரசம் என்னும் சேர்வையாகும்போது அதன் இயல்பு முற்றும் மாறிவிடுகிறது. உணவோடு உட்சென்ற மெதைல் பாதரசத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உடலிற் சேர்ந்துவிடும். அதற்கு மணமில்லை, உணவில் அதன் சுவையும் தெரிவதில்லை. மீனின் தசையோடு ஒன்றிக் கிடப்பதால் அவித்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் அகல்வதில்லை. இந்த மூன்றாம் வடிவத்தின் கொடுமையை உலகம் அறிந்துகொண்டது யப்பான் நாட்டின் ஒரு கடற்கரையிலேயாம்.

யப்பானின் பெருந்தீவுகளுள் தெற்கேயுள்ளது கியூசு. அதன் மேற்குக் கரையிலே, குமமோத்தோ மாகாணத்தில், மினமாத்தா என்னும் சிற்றூர் இருக்கிறது. எதிரே தீவுகள் அரணிட்டதுபோற் சூழ்ந்திருப்பதால் அங்குள்ள சிரனுயிக் கடல் ஏரியைப்போல் அமைதியானது. கரையோரக் கிராமங்களில் வாழ்ந்த மீனவர் நாள்தோறும் மும்முறை மீனும் சிப்பியும் உண்பவர். அரிசி குறைந்த நாளிலும் அவர்கட்கு மீன் குறைந்ததில்லை. 1908ஆம் ஆண்டில் அங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. பிற்காலத்தில் சிஸ்ஸோ என்று பெயர் பெற்ற கம்பனியின் தொழிற்சாலை அது. 1932இல் அது அசற்றல்டிகைட்டு என்னும் பொருளைச் செய்யத் தொடங்கியது. அசற்றிக்கமிலத்திற்கும் பிளாத்திக்குத் தொழிலுக்கும் இன்றியமையாத மூலப்பொருள் அது. அதனை ஆக்குதற்குப் பாதரச சல்பேற்று ஊக்கியாக இடப்பட்டது. ஊக்கி என்பது தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்துவது என்று பள்ளிப் பாடநூல் கூறும். கொப்பரையில் நிகழ்ந்ததோ வேறு. பாதரசத்தின் ஒரு பகுதி அங்கேயே மெதைல் பாதரசமாகித் தொழிற்சாலைக் கழிவுநீரோடு கால்வாய் வழியே குடாவினுட் சென்றது. அக்கால்வாயை எவரும் ஐயுறவில்லை. ஊரின் வரியும் ஊரவர் பலரின் கூலியும் அந்தத் தொழிற்சாலையிலிருந்தே வந்தன.

முதலில் தெரிந்த குறிகள் மனிதரிடத்தில் அல்ல. மீன்கள் வயிறு மேலாகி மிதந்தன. காகங்கள் பறக்கும்போதே நிலை தவறிக் கரையில் வீழ்ந்தன. பூனைகள் சுழன்று துள்ளி, வாயில் நுரை தள்ளி, சில கடலிற் பாய்ந்தும் மடிந்தன. ஊரார் அதனைப் பூனைக் கூத்து நோய் என்றனர். 1954ஆம் ஆண்டில் ஒரு மீனவக் கிராமத்தில் பூனைகள் அற்றுப்போய் எலிகள் பெருகிவிட்டன என்றும், அவற்றை ஒழிக்க உதவி வேண்டும் என்றும் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. எலித் தொல்லையாகவே அது படிக்கப்பட்டது. மனிதர் உண்ட மீனையே பூனைகளும் உண்டன என்பதை எண்ணிப் பார்த்தார் இலர்.

1956 ஏப்பிரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தொழிற்சாலையின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, வலிப்புக் கண்டது. சில நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே குறிகள் தோன்றின. அயல்வீடுகளிலும் அத்தகைய நோயாளர் உளர் என்று தாய் கூறினாள். வைத்தியசாலையின் தலைவராயிருந்தவர் ஹொசொக்காவா ஹஜிமே என்னும் வைத்தியர். மே மாதம் முதலாந் தேதி, நரம்புத் தொகுதியைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் பரவியிருப்பதாக அவர் சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தார். அந்நாளே மினமாத்தா நோய் கண்டறியப்பட்ட நாளாக இன்றும் கொள்ளப்படுகிறது. அவ்வாண்டு ஒக்டோபருக்குள் 40 நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களில் 14 பேர் இறந்துபோயினர். கைகாலும் உதடும் மரத்தல், குழாய் வழியே பார்ப்பதுபோற் பார்வை குறுகல், செவி மந்தமாதல், சட்டைப் பொத்தானைப் பூட்டவும் கை பணியாமை ஆகியன இந்நோயின் குறிகள்.

தொற்றுநோய் என்ற அச்சத்தால் நோயாளரின் வீடுகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. அயலவர் விலகி நடந்தனர். குமமோத்தோப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சில மாதங்களிலேயே உண்மையின் பாதியைக் கண்டனர். இது தொற்று நோயன்று, குடாவின் மீன் வழியே வரும் ஏதோ பார உலோக நஞ்சு என்று 1956 நவெம்பரில் கூறினர். எந்த உலோகம் என்பதே புதிர். கழிவுநீரில் ஒன்றல்ல, பல உலோகங்கள் இருந்தன. மங்கனீசு, செலீனியம், தல்லியம் என ஒவ்வொன்றாக ஐயுற்றனர். 1958இல் அவ்வூருக்கு வந்த மக்கல்பைன் என்னும் ஆங்கில நரம்பு வைத்தியர், நோயாளரின் குறிகள் சேதனப் பாதரச நஞ்சின் குறிகளை ஒத்திருப்பதைச் சுட்டினார். இங்கிலாந்தில் விதைகளுக்குப் பூசும் மருந்து செய்த தொழிலாளர் நால்வர் அந்நஞ்சால் உற்ற துன்பத்தை ஹண்டர், பொம்போர்ட், ரசல் ஆகிய மூவர் 1940இலேயே எழுதி வைத்திருந்தனர். பின்னர் குடாவின் சேற்றை அளந்தபோது, கழிவுக் கால்வாயின் வாயில் ஒரு தொன் சேற்றில் 2 கிலோகிராம் பாதரசம் இருந்தது. சுரங்கமாக வெட்டியெடுத்தாலும் இலாபம் தரத்தக்க அளவு அது. அச்சேற்றிலிருந்து பாதரசம் பிரித்து விற்க அதே கம்பனி பிற்காலத்தில் ஒரு கிளையையும் நிறுவியது. அயலூர் மக்களின் தலைமயிரில் பாதரசம் சராசரி பத்து இலட்சத்தில் 4 பங்கு. மினமாத்தா நோயாளர் ஒருவரின் தலைமயிரிலோ 705 பங்கு. 1959 யூலையில் குமமோத்தோ ஆராய்ச்சியாளர் காரணம் சேதனப் பாதரசமே என்று வெளியிட்டனர்.

கடல் பெரிது, கலந்தது கரைந்து இன்மையாகிவிடும் என்று எண்ணுதல் இயல்பே. மெதைல் பாதரசம் அக்கணக்கிற்கு அடங்குவதன்று. நீரிலுள்ள நுண்ணுயிர் அதனைச் சிறிது ஏற்கிறது. அவ்வுயிரைப் பல்லாயிரமாக உண்ணும் சிறுமீன் அத்தனையின் நஞ்சையும் சேமிக்கிறது. சிறுமீனை விழுங்கும் பெருமீன் மேலும் சேமிக்கிறது. நீரில் அளப்பதற்கே அரிதாயிருந்தது மீனின் உடலிற் பல இலட்சம் மடங்காகச் செறிந்துவிடுகிறது. மனித உடலிற் புகுந்ததில் பாதி கழிவதற்கு ஏறத்தாழ எழுபது நாள் செல்லும். கணக்கிட்டுப் பார்த்தால், நாள்தோறும் ஒரே அளவு மீன் உண்பவன் உடலில் ஏறத்தாழ நூறு நாளுணவின் நஞ்சு எப்போதும் தங்கியிருக்கும். மூளையோ பிற நஞ்சுகள் பலவற்றை உள்விடாது காக்கும் வாயில் உடையது. மெதைல் பாதரசம் உடலிலுள்ள கந்தகங் கொண்ட ஓர் அமினோ அமிலத்தோடு இணைந்து, மூளைக்கு உணவாகும் வேறோர் அமினோ அமிலத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது. வீட்டுக்காரனின் சால்வையைப் போர்த்துவந்த கள்ளனுக்குக் காவலன் கதவைத் திறந்துவிடுவது போன்றது இது.

பல்கலைக்கழகத்தார் வெளியே ஆராய்ந்துகொண்டிருக்க, தொழிற்சாலையின் உள்ளேயே ஒருவர் உண்மையை நெருங்கிக்கொண்டிருந்தார். கம்பனியின் சம்பளம் பெறும் ஹொசொக்காவா வைத்தியரே அவர். பூனைகளுக்கு இலக்கமிட்டுப் பலவகை உணவு கொடுத்துச் சோதித்துவந்த அவர், 1959 யூலையில் 400ஆம் இலக்கப் பூனையின் உணவில் அசற்றல்டிகைட்டுப் பகுதியின் கழிவுநீரை ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினார். ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் அப்பூனை தள்ளாடியது, சுழன்றது, வலிப்புற்றது. கடற்கரைப் பூனைகளின் கூத்தையே அது ஆடியது. மீனும் கடலும் இடையில் இல்லாமல், கொப்பரையிலிருந்து நேரே வந்த நோய் அது. வைத்தியர் இதனைக் கம்பனியின் மேலிடத்துக்கு அறிவித்தார். சோதனையைத் தொடரவேண்டா என்று பணிக்கப்பட்டது, முடிவும் வெளிவரவில்லை. கழிவுநீர் முன்போலவே ஓடியது.

அவ்வாண்டு இறுதியில் நிகழ்ந்தவற்றைத் தேதிவாரியாகப் பார்த்தால் மனம் கசக்கும். நவெம்பர் 2ஆம் தேதி மீனவர் திரண்டு தொழிற்சாலையினுட் புகுந்தனர். டிசெம்பர் 24ஆம் தேதி கழிவுநீரைத் தூய்மையாக்கும் பொறியொன்று விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. ஆயினும் கரைந்த பாதரசத்தை நீக்குவதற்கென அப்பொறி ஆக்கப்பட்டதன்று. அசற்றல்டிகைட்டுப் பகுதியின் கழிவு அப்போது அதன் வழியே விடப்படவும் இல்லை. ஊராரும் பத்திரிகைகளும் நோய் தீர்ந்தது என்று நம்பினர். டிசெம்பர் 30ஆம் தேதி நோயாளர் குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. வளர்ந்த நோயாளருக்கு ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் யென், சிறுவருக்கு 30,000 யென் என அனுதாபப் பணம் குறிக்கப்பட்டது. பிற்காலத்தில் தொழிற்சாலையே காரணம் என்று தெளிந்தாலும் மேலும் ஈடு கேட்பதில்லை என்ற வாசகம் அதில் இருந்தது. 400ஆம் பூனையின் முடிவு தெரிந்த பின்னரே அவ்வாசகம் எழுதப்பட்டது. வருடப் பிறப்புக்கு அரிசி வாங்கவும் வழியற்றிருந்த குடும்பங்கள் கையொப்பமிட்டன.

இதனிடையே மற்றொரு துன்பம் தொட்டில்களில் வளர்ந்துகொண்டிருந்தது. மீனை ஒருநாளும் வாயில் வைத்தறியாத குழந்தைகள் கழுத்து நில்லாமலும் பேச்சு வராமலும் கைகால் முறுகியும் கிடந்தனர். பிறவி மூளைவாதம் என்று வைத்தியர் கூறினர். நச்சுக்கொடியானது தாயின் உடலிலுள்ள நஞ்சைத் தடுத்துச் சிசுவைக் காக்கும் என்பது அன்றைய மருத்துவத்தின் உறுதியான கொள்கை. தாய்மாரோ அவ்வாறு எண்ணவில்லை. மூத்த பிள்ளைக்கு மினமாத்தா நோய், இளைய பிள்ளைக்கு வேறு நோய் என்று சொன்ன வைத்தியரை நோக்கி, இருவருக்கும் ஒன்றே, வயிற்றில் இருக்கும்போது மீன் உண்டவள் நான்தானே என்றாள் ஒரு தாய். குமமோத்தோப் பல்கலைக்கழகத்தின் இளம் வைத்தியராயிருந்த ஹராடா மசசுமி அச்சொல்லை அசட்டை செய்யாமல் வீடுவீடாகச் சென்று ஆராய்ந்தார். இறந்த பிள்ளைகளின் மூளையைச் சோதித்தபோது தாய்மார் கூற்றே மெய்யாயிற்று. 1962 நவெம்பரில் 16 பிள்ளைகள் பிறவி மினமாத்தா நோயாளர் என ஏற்கப்பட்டனர். தாயின் குருதியிலிருந்த மெதைல் பாதரசத்தைச் சிசு ஈர்த்துக்கொண்டதால், தாய்க்குக் குறிகள் சிறிதாகவும் பிள்ளைக்குப் பெரிதாகவும் இருந்தன. தன் நஞ்சைத் தாங்கித் தன்னைக் காத்த பிள்ளை இது என்று அத்தகைய பிள்ளையைப் பொக்கிஷமாகப் போற்றிய தாயும் அவ்வூரில் இருந்தாள்.

பிறந்த குழந்தையின் தொப்புட்கொடி உலர்ந்து விழுந்தபின் அதனைச் சிறு மரப்பெட்டியில் வைத்துக் காப்பது யப்பானியர் வழக்கம். தாயத்தில் அடைத்து அரையில் கட்டும் தமிழ் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. ஹராடா வைத்தியர் அப்பெட்டிகளைத் தருமாறு குடும்பங்களை வேண்டினார். ஆண்டு குறித்த கொடித் துண்டுகளை வரிசையாக வைத்து மெதைல் பாதரசத்தை அளந்தபோது, தொழிற்சாலையின் அசற்றல்டிகைட்டு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் கொடியின் நஞ்சும் ஏறியிருந்தது. கம்பனி மறைத்த கணக்கு மீனவர் வீட்டு மரப்பெட்டிகளிற் பல்லாண்டு பத்திரமாக இருந்திருக்கிறது.

1965இல் யப்பானின் மற்றொரு கரையில், நீகாத்தா மாகாணத்து அகனோ ஆற்றின் ஓரத்திலே, அதே நோய் தோன்றியது. அங்கும் ஆற்றின் மேற்புறத்தில் அசற்றல்டிகைட்டுச் செய்யும் வேறொரு கம்பனியின் தொழிற்சாலை இருந்தது. மினமாத்தாவில் அவ்வுற்பத்தி 1968 மே மாதத்தில் நின்றது. நோய்க்கு அஞ்சி நிறுத்தினர் என்று எண்ணவேண்டா. எதிலீனிலிருந்து அப்பொருளை மலிவாக ஆக்கும் புதுமுறை வந்துவிட்டதால் பழைய முறை பயனற்றுப்போயிற்று. தொழிற்சாலையின் கழிவே காரணம் என்று அரசாங்கம் அறிவித்ததோ அதற்கு நான்கு மாதத்தின் பின், செப்டெம்பர் 26ஆம் தேதி. குமமோத்தோ ஆராய்ச்சியாளர் காரணத்தைக் கூறி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வொன்பது ஆண்டும் மக்கள் உண்டனர், தாய்மார் கருவுற்றனர்.

நோயாளர் வழக்குத் தொடுத்தனர். புற்றுநோயுற்றுப் படுத்திருந்த ஹொசொக்காவா வைத்தியர் 1970 யூலையில், வைத்தியசாலைக் கட்டிலிலிருந்தே, 400ஆம் பூனையைப்பற்றிச் சாட்சியம் அளித்தார். சில மாதங்களில் இறந்துபோனார். பதினொரு ஆண்டு வாய்திறவாதிருந்தவரைக் குறை கூறுவோரும் உளர். இறுதியிலேனும் பேசினாரே என்று போற்றுவோரும் உளர். 1973 மார்ச்சு 20ஆம் தேதி குமமோத்தோ நீதிமன்றம் கம்பனியைக் குற்றவாளியாகக் கண்டது. அனுதாபப் பண ஒப்பந்தம் பொது ஒழுக்கத்திற்கு மாறானது, செல்லாது என்று தீர்ப்பிட்டு, நோயாளர் ஒருவருக்கு 1 கோடி 60 இலட்சம் முதல் 1 கோடி 80 இலட்சம் யென் வரை வழங்கப் பணித்தது. நோய் பரவுவதைத் தடுக்கத் தவறிய பொறுப்பு அரசாங்கத்தையும் மாகாணத்தையும் சாரும் என்று உயர்மன்றம் கூற 2004ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது.

கொப்பரையில் உண்டாகும் மெதைல் பாதரசம் மட்டுமே தீங்கு செய்யும் எனின், அத்தகைய தொழிற்சாலைகளை மூடியதோடு கவலை தீர்ந்திருக்கும். ஆனால், சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தையும் மெதைல் பாதரசமாக மாற்றவல்லன என்பதை 1960களில் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டனர். ஆகவே நிலக்கரிப் புகையோடு வானேறி மழையோடு இறங்கும் பாதரசமும், ஆற்றோரத்தில் பொன் அரிப்போர் மண்ணிலிருந்து பொன்னைச் சேர்த்தெடுக்க ஊற்றும் பாதரசமும் இறுதியில் மீனிடத்தே வந்து சேரக்கூடும். இன்று உலகிலே மிகுதியான பாதரசத்தை வெளிவிடும் தொழில் இவ்வாறு சிறு அளவிற் பொன் எடுக்கும் தொழிலே. தோலை வெண்மையாக்கும் எனக் கூறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிலும் பாதரசம் உண்டு; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் குமமோத்தோவில் நாடுகள் கூடி ஏற்ற உடன்படிக்கை 2017 ஓகஸ்ட் 16ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மினமாத்தாவின் பெயரையே அது தாங்கியுள்ளது. இலங்கையும் அதில் ஒரு பங்காளி.

இதனைக் கேட்டு மீனையே வெறுத்தல் அறிவுடைமையன்று. கருவுற்ற பெண்ணுக்கும் வளரும் பிள்ளைக்கும் மீன் நல்லுணவு. நெடுங்காலம் வாழ்ந்து பிற மீன்களை இரையாக்கும் சுறா, வாள்மீன் போன்றவற்றைக் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சிறுபிள்ளைகளும் தவிர்த்துக்கொள்ளலாம். சூடை, நெத்தலி, சாளை முதலிய சிறுமீன்கள் உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் நிற்பன. அவற்றிற் சேரும் பாதரசம் மிகக் குறைவு. மலிவான மீனே இங்கு மேலான மீன்.

மினமாத்தாக் குடாவின் குறுக்கே 1974இல் கட்டப்பட்ட வலை, நஞ்சேறிய மீன் வெளியே செல்லாதவாறு இருபத்துமூன்று ஆண்டுகள் நின்றது. 1977 முதல் 1990 வரை ஏறத்தாழ 15 இலட்சம் கன மீற்றர் சேறு கையாளப்பட்டது. குடாவின் ஒரு பகுதி அதனால் நிரப்பப்பட்டு 58 எக்டேயர் நிலமாயிற்று. 1997 யூலையில் மீன் உண்ணத் தகும் என்று மாகாண ஆளுநர் அறிவித்தபின் வலையும் அகற்றப்பட்டது. நோயாளர் என அரசாங்கம் சான்றளித்தோர் இரண்டாயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர். சான்றின்றி ஈடு கோரியோர் பல்லாயிரவர். 2023 செப்டெம்பரில் ஒசாக்கா நீதிமன்றம் வழக்காடிய 128 பேரையும் நோயாளர் என்று ஏற்றது. தாய் வயிற்றிலேயே நஞ்சுண்ட பிள்ளைகள் இன்று எழுபதை அண்மிய முதியோர். அவர்களைத் தூக்கி வளர்த்த தாய்மாரிற் பலர் இன்று இல்லை. நிரப்பப்பட்ட நிலத்தின்மேற் பூங்காவும் விளையாட்டுத் திடலும் அமைந்துள்ளன. அதன் அடியிலே, உருக்குத் தடுப்புகளுக்கும் மண்ணுக்கும் கீழே, பாதரசச் சேறு இருக்கிறது.